கடும்புப் பாலும் 56 பாகையும்

1992ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், சுவிஸ் நாட்டின் பேர்ண் மாநிலத்து மலைச்சரிவில் வெள்ளாட்டுப் பண்ணையொன்றில் வேலை கிடைத்திருக்கிறது என்பதையும், குட்டி விழுந்தவுடன் அதைத் தாயின் மூக்குக்கு எட்டாத இடத்துக்குத் தூக்கிச் செல்வதுதான் எனக்குத் தரப்பட்ட முதல் வேலை என்பதையும் எழுதியிருந்தேன். யாழ்ப்பாணத்துக்குத் தபால் ஒழுங்காகப் போகாத காலம். பதில் வந்து சேர்ந்தபோது நான் தூக்கிச் சென்ற குட்டிகள் புல் தின்னத் தொடங்கிவிட்டன. வீட்டுப் புதினமெல்லாம் எழுதி முடித்தபின், காகிதத்தின் ஓரத்தில் நெருக்கி ஒரு வரி எழுதியிருந்தார்: "தாய் நக்காத குட்டி பிழைக்குமோடா தம்பி? பாவத்துக்குப் போகாதை."

எங்கள் வீட்டில் எந்நாளும் மூன்று நான்கு ஆடுகள் நின்றன. பூவரசங்குழையும் கிளுவங்குழையும் கட்டித் தொங்கவிட்டால் பின்னங்கால்களில் எழும்பி நின்று தின்னும். ஆடு குட்டி போடுகிற இரவில் அம்மா அரிக்கன் லாம்போடு கொட்டிலுக்குள் போவார். குட்டியின் மூக்கையும் வாயையும் பழந்துணியால் துடைத்துத் தாயின் முகத்துக்கு நேரே கிடத்துவார். தாய் நக்கி நக்கி அதை எழுப்பும். பிறகு காம்பில் அடைத்து நிற்கும் முதற் சொட்டுகளை நிலத்தில் பீச்சிவிட்டு, காம்பைக் குட்டியின் வாய்க்குள் வைப்பார். ஈன்றதும் சுரக்கும் முதற் பாலான அந்தக் கடும்புப் பால் உள்ளே போய்விட்டால் அன்றிரவு அவர் நிம்மதியாகப் படுப்பார். இதில் கேள்வி கேட்பதற்கு ஏதாவது இருப்பதாக எனக்கு இருபத்திரண்டு வயதுவரை தோன்றியதில்லை.

இந்தப் பண்ணையில் நின்றவை சானன் ஆடுகள். பால் போல வெள்ளை, பெரிய மடி, சாதுவான குணம். அந்த இனத்துக்குப் பெயர் தந்த பள்ளத்தாக்கும் இதே மாநிலத்தில்தான் இருக்கிறது. பிரசவ நேரத்தில் துவாயோடு பின்னால் குந்தியிருந்து, குட்டியை வைக்கோலில் விழவிடாமல் கையில் ஏந்தி, கதவுக்கு அப்பால் இருந்த தனி அறைக்குக் கொண்டு போக வேண்டும். தாய் திரும்பி, இல்லாத குட்டியைத் தேடி ஈர வைக்கோலை நக்கும். அரை நாள் கத்தும். நான் அந்தத் தாயின் கடும்பைக் கறந்து, பாத்திரத்தோடு வெந்நீர்த் தொட்டிக்குள் இறக்கி, 56 பாகை செல்சியசில் ஒரு மணித்தியாலம் வைத்திருந்து, ஆறவிட்டுச் சூப்பிப் போத்தலில் குட்டிக்குக் கொடுப்பேன். 60 பாகையைத் தாண்டினால் கடும்பு இறுகத் தொடங்கும், குட்டியைக் காக்கிற பிறபொருளெதிரிகளும் அதோடு கெடும். மிகவும் குறைந்தாலோ எதற்காகச் சூடாக்குகிறோமோ அது சாகாது. ஊரில் பசுவின் கடும்புக்குச் சீனி போட்டு, அது எப்போது இறுகும் என்று அடுப்படியில் காத்திருந்து தின்று வளர்ந்தவன் நான். இங்கே அது இறுகிவிடக் கூடாதே என்று வெப்பமானியைப் பார்த்தபடி மணிக்கணக்கில் நின்றேன்.

எதற்காக இதெல்லாம் என்பதை எனக்குச் சொற்களால் விளக்க அப்போது யாராலும் முடியவில்லை. எனக்கு ஜேர்மன் மொழி போதாது. பண்ணையம்மா என்னைக் கையைப் பிடித்து லீசி என்ற கிழட்டு ஆட்டிடம் கூட்டிப் போனார். அதன் முன்னங்கால்களின் முழங்கால் இரண்டும் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தன. தொட்டுப் பார்த்தேன், சீழ்க் கட்டியின் குழைவு இல்லை, உள்ளே கடினமாக இருந்தது. அது நின்றபடி தின்பதை விட்டிருந்தது. முழங்காலை மடித்து, தொழுகிறவர் போலக் குனிந்து, முன்னால் நகர்ந்து நகர்ந்து புல்லை எடுத்தது. மடியும் கல்லாகி, கறந்தால் இரண்டு கரண்டி பால்தான் வரும். பண்ணையம்மா அதன் மடியைத் தொட்டுக் காட்டி, பிறகு வெந்நீர்த் தொட்டியைக் காட்டி, பிறகு குட்டிகளின் அறையைக் காட்டினார். எனக்கு விளங்கியது.

அந்த நோய்க்கு நாட்டு மருத்துவர் யாரும் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தது ஆய்வுகூடம். 1974இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் புல்மன் நகர ஆய்வாளர்கள், சில மாத வயதுக் குட்டிகளின் பின்னங்கால்களை விளங்காமற் செய்யும் ஒரு தொற்று மூளை–முண்ணாண் (தண்டுவட) அழற்சியைப் பற்றி எழுதினார்கள். அதே மந்தைகளின் பெரிய ஆடுகளுக்கு மூட்டுவாதம் இருந்தது. இரண்டுக்கும் காரணம் ஒரே ரெட்ரோவைரஸ் என்பது 1980இல் தெளிவானது. வெள்ளாட்டு மூட்டு–மூளை அழற்சி என்று அதைத் தமிழில் சொல்லலாம். இங்கே எல்லோரும் மூன்றெழுத்தில் சுருக்கி 'சே-ஆ-ஏ' என்பார்கள், நான் இனிமேல் மூட்டு நோய் என்றே எழுதுகிறேன். 1980களின் தொடக்கத்தில் சுவிஸ் வெள்ளாடுகளில் 60 முதல் 80 விழுக்காடு வரை இந்த வைரசைச் சுமந்தன. நல்ல பாலாடுகளை நாடு நாடாக ஏற்றுமதி செய்த ஒரு தேசம் அதோடு வேறு எதை அனுப்பியிருக்கும் என்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. 1984இல் விரும்பிய பண்ணைகள் சேரலாம் என்ற அளவில் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 1998இல் அது எல்லாருக்கும் கட்டாயமாக்கப்பட்டது. நான் போய்ச் சேர்ந்தது இந்த இரண்டுக்கும் நடுவில்.

தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. பால் வழியைத் தான் அடைக்க முடியும். ஆகவே தாயிடமிருந்து குட்டியையும் குட்டியிடமிருந்து கிழட்டாட்டையும் பிரித்தோம்; கிழட்டாட்டுக்கு வேலி வேறு, தண்ணீர்த் தொட்டி வேறு, கறக்கும் வரிசையில் இளையவை முதலில், இரத்தச் சோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஐந்தாறு வருடங்களில் பழைய ஆடுகள் ஒவ்வொன்றாகக் கழிந்து, நான் போத்தலில் வளர்த்தவை மட்டும் நின்றன. அம்மாவுக்கு எழுதினேன்: எல்லாம் பிழைத்துவிட்டன.

கலத்துக்குள் இருப்பது

மொழி பிடிபட்ட பிறகு மிருக வைத்தியரைத் துளைக்கத் தொடங்கினேன். அவர் பேசுவதில் விருப்பமுள்ளவர். தீவனப் பையின் பின்புறத்தில் பேனையால் கீறிக் காட்டுவார். இந்த மூட்டு நோய் வைரஸ் லென்டிவைரஸ் வகையைச் சேர்ந்தது; அந்தப் பெயரின் முற்பாதி, மெதுவானது என்று பொருள்படும் லத்தீன் சொல். இது இரத்தத்தில் சுற்றும் ஒருவகை வெண்குருதிக் கலத்துக்குள் புகுந்து, தன் மரபுச் செய்தியை அந்தக் கலத்தின் மரபுச் செய்தியோடு தைத்துவிடுகிறது. தைத்த பிறகு பேசாமல் இருக்கிறது. அந்தக் கலம் இரத்தத்தை விட்டு வெளியேறி மூட்டிலோ மடியிலோ நுரையீரலிலோ மூளையிலோ குடியேறி, கிருமிகளை விழுங்கும் பெருவிழுங்கியாக முதிர்ந்தால்தான் வைரஸ் விழிக்கிறது, தன் பிரதிகளைச் செய்கிறது. காவல் பார்க்க வேண்டிய கலமே வாகனமாகிவிடுகிறது. கடும்பில் இந்தக் கலங்கள் நிறைய இருக்கும். குட்டியின் குடல் அந்த முதல் நாளில் எதையும் உள்ளே விடத் தயாராகத் திறந்திருக்கும், பிறபொருளெதிரிகளை வாங்குவதற்காக.

இதைவிட என்னை உலுக்கியது அவர் அடுத்துச் சொன்னது. லீசியின் முழங்காலை வீங்க வைத்தது வைரஸ் தின்று தீர்த்த அழிவு அல்ல. அது விழித்த இடத்துக்கு உடல் அனுப்பிய நிணநீர்க் கலங்களின் கூட்டம். அந்தக் கூட்டம் வேலையை முடிக்கவும் மாட்டாது, திரும்பிப் போகவும் மாட்டாது. வருடக்கணக்கில் மூட்டின் உட்சவ்வு தடிக்கும், மடிக்குள் புதிது புதிதாக நிணநீர் முடிச்சுகள் தோன்றும், பால் சுரக்கும் இடம் அடைபட்டுப்போகும். 1976இல் வெளிவந்த ஒரு பரிசோதனையில் செம்மறிகளின் நிர்ப்பீடனத்தை (நோய் எதிர்ப்பை) மருந்தால் அடக்கிவிட்டு மூளைக்குள் இவ்வகை வைரசைச் செலுத்தினார்கள். மூளைப் புண்கள் பெருமளவு குறைந்தன. செயலிழக்கச் செய்த வைரசைத் தடுப்பூசியாகப் போட்ட வெள்ளாடுகளுக்கோ, பிறகு தொற்றியபோது மூட்டுவாதம் இன்னும் மோசமாக வந்தது. தடுப்பூசி ஏன் இல்லை என்ற என் கேள்விக்கு அதுதான் பதில். தொற்றிய ஆடுகளில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் எதையும் காட்டாமலே போய்விடும் என்பதையும் அன்றைக்குத்தான் அறிந்தேன். லீசி விதிவிலக்கு. மற்றவை அழகாகப் பால் தந்து, அழகாகக் குட்டி போட்டு, அந்தக் குட்டிகளுக்கு முதற் பாலோடு இதையும் கொடுத்துவிட்டுப் போகும்.

புளோரா

2006ஆம் ஆண்டு தை மாதம். பல வருடங்களாக எங்கள் கொட்டிலில் இந்த வைரஸ் இல்லை. வழக்கமான இரத்தச் சோதனை முடிவில் ஒரு காதிலக்கத்துக்கு எதிரே அடையாளம் வந்திருந்தது. இலக்கத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஆனாலும் கொட்டிலுக்குப் போய்க் காதைத் திருப்பிப் பார்த்தேன். புளோராவுக்கு ஆறு வயது, பண்ணையின் முதல் பாலாடு. கறக்கும் மேடையில் யாரும் கூப்பிடாமலே ஏறி நிற்கும். முழங்காலைத் தடவினேன், எலும்பின் விளிம்பு விரலுக்குத் தெளிவாகத் தட்டுப்பட்டது. மடியை அழுத்தினேன், கறந்து முடித்த மடி துணிபோல மடிந்தது. இரத்தம் மறுபடி எடுத்து, வேறொரு முறையால் சோதித்தார்கள். அதே முடிவு.

மிருக வைத்தியரிடம் வாதாடினேன். இதற்கு ஒரு நோயும் இல்லை, நீங்களே தொட்டுப் பாருங்கள் என்றேன். அவர் தொடவில்லை. "ஐஸ்லாந்துக்கு வந்த ஆடுகளுக்கும் ஒரு நோயும் இருக்கவில்லை" என்றார்.

எனக்கு அந்தக் கதை அப்போது தெரியாது. பிறகு தேடித் தேடிப் படித்திருக்கிறேன், இன்னும் படிப்பேன், ஏனென்றால் அவர் அன்று சொன்ன அந்த ஒரு வாக்கியத்தோடு நான் இன்னமும் தர்க்கித்துக்கொண்டிருக்கிறேன். ஐஸ்லாந்தின் செம்மறிகள் ஆயிரம் வருடங்களாக ஏறக்குறைய வெளித்தொடர்பே இல்லாமல் அந்தத் தீவில் வாழ்ந்தவை. குட்டிகளின் சுருள் ரோமத்தோலுக்காகக் கராகுல் இனத்தைக் கலக்கலாம் என்று எண்ணி, 1933இல் ஜேர்மனியின் ஹாலே நகரிலிருந்து 20 கராகுல் ஆடுகளை இறக்குமதி செய்தார்கள். சுகச் சான்றிதழ் இருந்தது. ரெய்க்யவிக்குக்கு அருகே ஒரு சிறு தீவில் இரண்டு மாதம் ஒதுக்கியும் வைத்தார்கள். ஒன்றுகூட இருமவில்லை. கிடாய்களை மாவட்டம் மாவட்டமாகப் பண்ணைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அவை கொண்டுவந்தது ஒரு நோயை மட்டுமல்ல: நுரையீரலில் புற்றுப்போலப் பெருகும் ஒன்று, குடலை அரிக்கும் ஒன்று, அவற்றோடு இந்த லென்டிவைரசும். முதலாவது ஓரிரு வருடத்துக்குள் தன்னைக் காட்டியது. லென்டிவைரஸ் காட்டவில்லை. 1939வாக்கில்தான், இலையுதிர்காலத்தில் மலையிலிருந்து மந்தையைச் சாய்த்து வருகையில் சில ஆடுகள் பின்தங்கி நின்று மூச்சு வாங்குவதை விவசாயிகள் ஒரு தனி நோயாக இனங்கண்டார்கள். மெய்தி என்று பெயர் வைத்தார்கள்; அவர்கள் மொழியில் மூச்சிரைப்பு. அதே வைரஸ் மூளைக்கும் முண்ணாணுக்கும் போன ஆடுகள் பின்னங்கால் தளர்ந்து, நன்றாகத் தின்றபடியே மெலிந்தன. அதற்குப் பெயர் விஸ்னா, வாடிப்போதல். இரண்டும் ஒன்றென்று தெரியாமலே இரண்டு பெயர்கள், இரண்டும் ஆட்டை நாள்தோறும் பார்த்தவன் வைத்த பெயர்கள் என்பதால் எனக்கு ஆய்வுகூடப் பெயரைவிடப் பிடிக்கும்.

ஐஸ்லாந்தின் குளிர்காலம் நீளம். ஆறு மாதம்வரை ஆடுகள் தொழுவத்துக்குள் மூச்சோடு மூச்சு உரச நிற்கும். ஒரு தொழுவத்துக்குள் ஒரு ஆடு போதும். ஏறக்குறைய 1,05,000 ஆடுகள் மெய்தியால் செத்தன. பிறகு அந்த நாடு எடுத்த முடிவை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒருகணம் மூச்சு நிற்கும். நாட்டைக் குறுக்கே வேலிகளால் துண்டு போட்டு, 1944க்கும் 1954க்கும் இடையில், நோய் பரவிய பகுதிகளில் ஏறத்தாழ 6,50,000 ஆடுகளைக் கொன்றார்கள். நல்லது கெட்டது பார்க்காமல் முழு மந்தைகளையும். வெறுமையான பண்ணைகளுக்கு நோய் எட்டாத வடமேற்குப் பகுதியிலிருந்து குட்டிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். சில இடங்களில் மறுபடியும் தலைகாட்டியது, மறுபடியும் கொன்றார்கள். 1965க்குப் பிறகு அங்கே மெய்தி இல்லை. அன்றைக்கு அவர்களிடம் இரத்தச் சோதனை இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வைரசையே 1957இல்தான் கலவளர்ப்பில் பிரித்தெடுத்தார்கள்.

பிரித்தெடுத்தது பியோர்ன் சிகுர்ட்சன் என்பவரின் குழு. ரெய்க்யவிக்கின் விளிம்பில் கெல்துர் என்ற இடத்தில் 1948இல் தொடங்கிய ஆய்வு நிலையத்தின் முதல் இயக்குநர் அவர். 1954இல் லண்டனில் ஆற்றிய உரைகளில் 'மெதுவான தொற்று' என்ற கருத்தை முன்வைத்தார்: மாதங்களோ வருடங்களோ நீளும் அமைதிக் காலம், தொடங்கிய பிறகு ஒழுங்கான வேகத்தில் நகர்ந்து கடும் நோயிலோ சாவிலோ முடியும் போக்கு. தொற்றுநோய் என்றால் காய்ச்சல் போல வரும், வந்த வேகத்தில் போகும், அல்லது நாட்பட்டு இழுபடும் என்ற இரண்டு பெட்டிகள் மட்டும் இருந்த காலத்தில் அவர் மூன்றாவதைச் செய்தார். 1959இல், 46 வயதில் இறந்துபோனார். இருபத்தைந்து வருடங்களுக்குப் பின்னர் எயிட்ஸ் வைரசைக் கண்டுபிடித்தவர்கள் அது எந்தக் குடும்பம் என்று தேடியபோது, 1985இல் மரபு வரிசையை ஒப்பிட்டுப் பார்த்ததில் விஸ்னா வைரசோடு உறவு தெரிந்தது. அவர் அதைப் பார்க்க இருக்கவில்லை. ஆட்டு வைரஸ் மனிதருக்குத் தொற்றாது என்பதை இந்த இடத்தில் சொல்லாவிட்டால் பின்னூட்டத்தில் கேட்பீர்கள். தொற்றாது, லீசியின் காலத்திலிருந்தே அந்தப் பாலைக் குடித்துத்தான் நான் வளர்ந்தேன் என்று சொல்லலாம்.

புளோராவுக்கு வருகிறேன். நியாயம் எனக்கு விளங்காமலில்லை. கோடையில் எங்கள் ஆடுகள் மலை மேய்ச்சலுக்குப் போகும். அங்கே ஏழெட்டுப் பண்ணைகளின் ஆடுகள் ஒன்றாகும். ஒரு கராகுல் செய்த வேலையை ஒரு சானன் செய்யாது என்று யார் உறுதி தருவது? ஒரு வியாழக்கிழமை காலை வண்டி வந்தது. மேடை ஏறப் பழகிய ஆடு என்பதால் சரிவுப் பலகையிலும் அது தானாகவே ஏறியது. கயிறு என் கையில் தொய்ந்து கிடந்தது. அன்று மாலை அம்மாவுடன் தொலைபேசியில் பேசியபோது சொன்னேன். கொஞ்சநேரம் சத்தமில்லை. "என்ன வருத்தம் அதுக்கு?" என்றார். ஒரு வருத்தமும் இல்லை, இரத்தத்தில் இருந்தது என்றேன். "வருத்தம் இல்லாததை ஏன் ராசா கொன்றனியள்?" நான் ஐஸ்லாந்துக் கதையைச் சொல்லத் தொடங்கினேன், அட்டை முடிந்து இணைப்பு அறுந்தது.

ஆடு என்ற ஒரே சொல்

பண்ணையில் பத்துச் செம்மறிகளும் நின்றன என்பதை இதுவரை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றாத அளவுக்கு அவை பின்னணியில் இருந்தன: புல் வளர்ந்த சரிவுகளைத் தின்று துப்புரவாக்க, பனிக்காலத்தில் வெள்ளாடுகளோடு ஒரே கூரையின் கீழ், ஒரு பலகைத் தடுப்புக்கு அப்பால். நம் மொழியில் இரண்டுக்கும் ஆடு என்றுதான் பெயர். வேண்டுமானால் முன்னால் ஒரு அடைமொழி. இங்கே இரண்டு வெவ்வேறு சொற்கள், இரண்டு வெவ்வேறு சங்கங்கள், இரண்டு வெவ்வேறு சட்ட வகுப்புகள். வெள்ளாட்டின் மூட்டு நோய் ஒழிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் இருந்தது. செம்மறியின் மெய்தி–விஸ்னா வெறுமனே கண்காணிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில். அறிவியலும் நீண்ட காலம் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தது, செம்மறிக்கு ஒன்று வெள்ளாட்டுக்கு ஒன்று என்று. மரபு வரிசைகள் சேரச் சேரத்தான் அந்தக் கோடு அழிந்தது. இப்போது எல்லாவற்றையும் ஒரே கொத்தாக வைத்து, வகை வகையாகப் பிரிக்கிறார்கள். அவற்றில் பல, செம்மறியிலிருந்து வெள்ளாட்டுக்கும் அங்கிருந்து இங்கும் தாண்டும்.

2014இல் பேர்ண் சனிக்கிழமைச் சந்தையில், ஓய்வு பெற்றுவிட்ட அந்த மிருக வைத்தியரைச் சந்தித்தேன். நான் பண்ணையை விட்டு ஐந்தாறு வருடமாகியிருந்தது. அவரே பேச்சை எடுத்தார். ஒழிப்புத் திட்டத்தின் கடைசிக் கட்டத்தில், சுத்தமான மந்தைகளில் அங்கொன்று இங்கொன்றாக இரத்தத்தில் அடையாளம் காட்டிய ஆடுகளின் வைரசை இங்குள்ள ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் பல, லீசியின் முழங்காலைத் தேங்காயாக்கிய வெள்ளாட்டு வகை அல்ல. செம்மறிப் பக்கத்தைச் சேர்ந்த ஓர் உபவகை; ஏ4 என்று இலக்கமிட்டிருக்கிறார்கள். செம்மறிகளோடு கலந்து நிற்கும் மந்தைகளில் அதிகம். தொற்றும், பாலிலும் வரும், ஆனால் மூட்டை வீங்கச் செய்வதாகக் காணோம். "உன்னுடைய அந்த வெள்ளையும் அப்படி இருந்திருக்கலாம்" என்றார். கையில் இருந்த சீஸ் பொதியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "அன்றைக்குப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் இல்லை."

அவர் மீது எனக்குக் கோபமில்லை. 2006இல் இருந்த அறிவோடு 2006இல் அவர் சரியாகத்தான் செய்தார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் வண்டியைக் கூப்பிட்டிருப்பேன். ஐஸ்லாந்தில் 6,50,000 ஆடுகளில் எத்தனை சுத்தமானவை என்று யாரும் கணக்கெடுக்கவில்லை, கணக்கெடுத்துக்கொண்டிருந்தால் ஒழித்திருக்கவும் மாட்டார்கள். இந்த வாதத்தை நான் எனக்குள் எத்தனை தடவை வென்றிருக்கிறேன் என்று சொல்ல முடியாது. ஆனால் அது ஒவ்வொரு தடவையும் கயிறு தொய்ந்து கிடந்த இடத்துக்கு வந்து நின்றுவிடுகிறது. ஒழுங்காகப் பார்த்தால் நான் தடுத்திருக்க வேண்டியது வண்டியை அல்ல, அந்தப் பலகைத் தடுப்பின் மேல்வழியை. பதினான்கு வருடம் பாலின் வழியை ஒரு பாகை பிசகாமல் அடைத்தேன். பனிக்காலம் முழுவதும் தடுப்புக்கு மேலால் இரண்டு இனமும் மூக்கோடு மூக்கு வைத்து முகர்ந்ததைத் தினமும் பார்த்தேன்; ஒருமுறை புகைப்படமும் எடுத்தேன்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு எழுபத்தெட்டு வயது. செம்மறி, வெள்ளாடு, உபவகை என்று நான் இழுத்ததைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அப்ப அந்தச் செம்மறியள் எங்கை?" என்று கேட்டார்.

செம்மறிகளைப் பண்ணையம்மா 2006 இலையுதிர்காலத்தில் விற்றுவிட்டார். வாங்க வந்தவர் பற்களைப் பார்த்தார், குளம்புகளைப் பார்த்தார், முதுகில் கை வைத்துச் சதை பிடித்துப் பார்த்தார். பத்தையும் நான்தான் வண்டியில் ஏற்றினேன். அவை சானன் போல இல்லை. ஒவ்வொன்றையும் பின்னால் இருந்து தள்ள வேண்டியிருந்தது.